லங்காதிலகப் பாறையில் நம்ம எழுத்து

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் படித்தேன். ஹட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா என்று போய் வந்ததில் அந்தப் பாதையின் வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கண்டிக்கு இந்தப் பக்கம் பிலிமத்தலாவையில் கொஞ்சம் உள்ளே திரும்பினால் 1344இல் கட்டிய இரண்டு விகாரைகள் இருக்கின்றன, அதில் ஒன்றின் பாறையில் தமிழிலும் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள் என்பது படிப்பு முடிந்து பல வருசம் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு எந்தப் பயணத்திலும் மனசு ஒட்டவில்லை. பழைய பேட்ச் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: "ரெண்டு நாள் லீவு போடுங்க, கல்லும் சாப்பாடும்." அரை மணி நேரத்தில் நாலு பேர் சரி என்றார்கள்.

பெயர் போடாதே என்று எல்லாரும் சொல்லிவிட்டதால் ஊரை வைத்தே எழுதுகிறேன். வேன் பதுளைக்காரனின் மாமாவுடையது, ஓட்டியதும் அவன்தான். மாத்தளைக்காரி டீச்சர். அக்குறணைக்காரன் எங்களில் அதிகம் வாசிக்கிறவன், அதிகம் சாப்பிடுகிறவனும் அவன்தான். கம்பளைக்காரன் சிங்களவன், கம்பஸில் எங்களோடு ஒரே மேசையில் நாலு வருசம் சாப்பிட்டு எங்கள் தோட்டத்துத் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டவன்.

அம்மா நாலு மணிக்கே எழும்பிவிட்டார். கோதுமை மா, தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டின பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுக் குழைத்து, கையாலேயே தட்டி, கல்லில் போட்டெடுத்த ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு எல்லாம் அம்மியில் இடித்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது அம்மா முப்பது வருசம் கட்டிக்கொண்டு போன ரொட்டி இது. ஆறினாலும் இறுகாது, ஒன்று சாப்பிட்டால் பத்து மணி வரை பசி தெரியாது. அப்பா வாசலில் நின்று வேன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். எங்கள் வீடு இப்போது லயத்தில், தோட்டத்து வரிசை அறைகளில், இல்லை, 7 பேர்ச் காணியில் கட்டின தனிவீடு. வீடு வந்துவிட்டது, காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இன்னும் கைக்கு வரவில்லை, அதைப் பற்றி அப்பா நினைக்காத நாள் கிடையாது.

கம்பளையில் ஒருவனை ஏற்றிக்கொண்டு பேராதனைக்குப் போகும்போது மணி ஏழரை. மற்ற இரண்டு பேரும் அங்கே காத்திருந்தார்கள். நேரே கன்னொறுவைக்குப் போனோம். அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் இருக்கிறது, கிராமத்துப் பெண்கள் வரிசையாக அடுப்பு போட்டு நம் கண் முன்னாலேயே சமைத்துக் கொடுக்கும் இடம். நான் முதலில் வாங்கியது இலைக்கஞ்சி. கொலகெந்த என்பார்கள். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், அரைத்துப் பிழிந்த பச்சை இலைச் சாறு, நான் குடித்தது வல்லாரை. கஞ்சியில் சீனி கிடையாது, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். கசப்பும் இனிப்பும் மாறி மாறி வரும், காலைக் குளிருக்கு வேறொன்றும் வேண்டாம். அப்புறம் ஹலப்ப. குரக்கன் (கேழ்வரகு) மாவைத் தேங்காய்ப்பூவோடும் பாணியோடும் பிசைந்து கெந்த இலையில் வைத்து மடித்து அவிப்பது. இலையைப் பிரிக்கும்போது ஒரு வாசம் வரும், மழை பெய்த காட்டின் வாசம், அதற்காகவே இன்னும் இரண்டு வாங்கினேன். அக்குறணைக்காரன் குரக்கன் ரொட்டி, உளுந்து வடை என்று தனியாக ஒரு சுற்று போய் வந்தான். அம்மாவின் ரொட்டியும் வேனில் இருந்தது, அதையும் விடவில்லை.

முதலில் கடலாதெனிய, அந்த இரண்டு விகாரைகளில் ஒன்று. பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைகளைத் தாண்டித் திரும்பினால் சில நிமிடம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய மொட்டைப் பாறையில் ஏறவேண்டும், அந்தப் பாறை மேலேயே கோயில். முன்னால் போய் நின்றதும் மாத்தளைக்காரி சொன்னது: "இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கே." உண்மைதான். கருங்கல் தூண்கள், அடித்தளத்தில் ஆடுகிறவர்களும் மத்தளம் அடிக்கிறவர்களும், மேலே விமானம், எல்லாம் தென்னிந்தியக் கோயில் கட்டுகிறவனின் கை. கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. கம்பளையைத் தலைநகராக வைத்திருந்த நான்காம் புவனேகபாகு காலம். உள்ளே புத்தர், பக்கத்திலேயே ஒட்டினாற்போல விஷ்ணு தேவாலயம். பாறைப் பள்ளங்களில் தேங்கி நின்ற தண்ணீரில் கோயில் தலைகீழாகத் தெரிந்தது, பதுளைக்காரன் குப்புறப் படுத்துக்கொண்டு அதை மட்டும் இருபது போட்டோ எடுத்தான்.

அக்குறணைக்காரன் அங்கே உட்கார்ந்து ஒரு விசயம் சொன்னான், அது நாள் முழுக்க என் தலைக்குள் இருந்தது. அதே 1344இல்தான் இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்தார். புத்தளத்தில் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய உதவியோடு சிவனொளிபாத மலைக்கு ஏறிப் போனார். அதாவது மொரோக்கோவில் இருந்து புறப்பட்ட ஒருவர் நம் மலைக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், தமிழ்நாட்டுப் பக்கத்துச் சிற்பிகள் இங்கே கல் தட்டிக்கொண்டிருந்தார்கள். மலைநாடு ஏதோ உலகத்துக்கு ஒதுக்குப்புறமாக இருந்த இடம் என்று நான் பள்ளிக்கூட நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து லங்காதிலகம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். வயலோரமாக நடந்தும் போகலாம், நேரம் இருக்கிறவர்கள் நடந்தே போங்கள். தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும், பன்ஹல்கல என்ற பாறை உச்சியில் வெள்ளைச் சுவரும் கூர்மையான ஓட்டுக் கூரையுமாக. இதைக் கட்டுவித்தவர் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகார, கட்டியவர் ஸ்தபதி ராயர், அவரும் தென்னிந்தியர். முதலில் நான்கு மாடி இருந்ததாம், மேல் மாடிகள் இப்போது இல்லை. கிழக்குப் பார்த்த வாசலில் புத்தர், பின்பக்கம் சுற்றிப் போனால் தேவர்கள்: விஷ்ணு, சமன், விபீஷணன், கணபதி, கந்தன். விபீஷணனுக்குச் சந்நிதி! ஒரே சுவருக்கு முன்பக்கம் கம்பளைக்காரன் மலர்த்தட்டோடு நிற்கிறான், பின்பக்கம் நானும் மாத்தளைக்காரியும் பிள்ளையாருக்குக் கும்பிடுகிறோம்.

சரி, கல்வெட்டுக்கு வருகிறேன். இதற்காகத்தானே வந்தது.

பாறையில் வெட்டியிருக்கிறது, சிங்களத்திலும் தமிழிலும். நாங்கள் போகும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, நேர் வெயிலில் கல்வெட்டு எழுத்து தெரியவே தெரியாது, எல்லாம் சொரசொரப்பாக ஒரே நிறம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு தூரம் வந்து ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் போவதா என்று. அப்போது அக்குறணைக்காரன்தான் ஒரு வழி சொன்னான். அங்கே இருந்தவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, மாத்தளைக்காரி குடையை விரித்து நிழல் பிடித்தாள், அவன் போன் டோர்ச்சைப் பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் வைத்து அடித்தான். பள்ளங்களில் நிழல் விழுந்தது. எழுத்து எழும்பி வந்தது. தொடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, சுண்ணக்கட்டி தேய்க்கவில்லை, நீங்களும் அதையெல்லாம் செய்யாதீர்கள், பக்க வெளிச்சம் ஒன்றே போதும்.

முதலில் ஒரு 'க' தெரிந்தது. அப்புறம் ஒரு 'த'. அப்புறம் ஒரு 'ர'வா, காலா என்று சண்டை. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது, எ-ஏ, ஒ-ஓ வித்தியாசமும் காட்ட மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அதனால் நம் மொழியாக இருந்தும் சரளமாக வாசிக்க முடியாது, குழந்தை எழுத்துக் கூட்டுகிற மாதிரிதான். கம்பளைக்காரன் சிங்களப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "எனக்கும் பாதிதான் தெரியுது மச்சான், எங்க எழுத்தும் ரொம்ப மாறிப்போச்சு" என்றான். இரண்டு பேரும் அவரவர் எழுத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தப் பாறையில் இருந்தோம். விகாரைக்குக் காணிகள் எழுதி வைத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. இந்த மலைக்கு நம் ஆட்கள் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்து 200 வருசம் என்றுதான் நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம், அதுவும் உண்மைதான், என் குடும்பம் அப்படி வந்த குடும்பம்தான். ஆனால் அதற்கும் ஏறக்குறைய ஐந்நூறு வருசம் முந்தியே இங்கே ஒரு அமைச்சர் தன் சொல்லைத் தமிழிலும் வெட்டி வைக்க நினைத்திருக்கிறார் என்றால், வாசிக்கிறதற்கு இங்கே ஆள் இருந்திருக்க வேண்டும் இல்லையா? நான் அதை நினைத்துக்கொண்டே படியிறங்கினேன், யாரோடும் பேசவில்லை.

பசி வந்தது தவுலகலைக்குப் போகும் வழியில். ஒரு அம்மா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் சாப்பாட்டுக் கடை, நாலு மேசை. மண்சட்டிகள் வரிசையாக மூடி இருந்தன. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரை மல்லும், கருவாட்டுப் பொரியல், அப்பளம், அப்புறம் பொலஸ் கறி. பொலஸ் என்றால் பிஞ்சுப் பலாக்காய். அதைத் தேங்காய்ப்பால், கொறுக்காய், கறுவா, ரம்பை எல்லாம் போட்டு முதல் நாள் இரவே அடுப்பில் வைத்துவிட வேண்டும் என்றார் அந்த அம்மா, அவசரப்பட்டால் பொலஸ் ஆகாது, வெறும் பலாக்காய்தானாம். கறுத்துப் போய் இறைச்சி மாதிரி நார் நாராக வந்தது. எங்கள் வீட்டிலும் பலாக்காய் சமைப்போம், ஆனால் அரைமணியில் இறக்கிவிடுவோம், மலையில் இருந்து வேலை முடிந்து வந்து விறகடுப்பைப் பற்ற வைக்கிற வீட்டில் இரவு முழுக்க அடுப்பெரிக்க முடியுமா? இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன். கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும்.

எம்பெக்கவுக்குப் போய் இறங்கியதும் மழை. மலைநாட்டு மழை, ஐந்து நிமிடத்தில் நிற்கிறதாகச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பெய்யும். அது பெய்ததுதான் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நாங்கள் கால்மணியில் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்போம். மூன்றாம் விக்கிரமபாகு காலத்துக் கோயில், கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது நம்ம முருகனுக்கு. மேளம் அடிக்கிற மண்டபம் முழுக்க மரத்தூண்கள், தூணுக்குத் தூண் செதுக்கல். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், மல்யுத்தம் செய்யும் இரண்டு பேர், இரட்டைத் தலைக் கழுகு, கழுத்துப் பின்னிய அன்னங்கள், குதிரை வீரன். எல்லாம் சேர்த்து 514 செதுக்கல் என்று கணக்கு சொல்கிறார்கள். மழையைச் சாட்டி நாங்கள் ஆளுக்கு இரண்டு வரிசை என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எந்த ஒன்றும் மற்றதைப் போல இல்லை. அண்ணாந்து பார்த்தால் இன்னொன்று: கூரையின் ஒரு முனையில் 26 சாய்மரங்கள் விசிறி மாதிரி வந்து ஒரே மர ஆணியில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. மடோல் குருபாவ என்று பெயர். பதுளைக்காரன் சிவில் என்ஜினியர், அவன் கழுத்து வலிக்க வலிக்க அதைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு உருவினா எல்லாம் வந்துரும், ஆனா ஒண்ணும் உருவ முடியாது" என்றான். அவனை நான் அவ்வளவு மரியாதையோடு எதையும் பார்த்துக் கண்டதில்லை.

கண்டியில் அதிக நேரம் இல்லை, எல்லாரும் பார்த்த ஊர்தான். தலதா மாளிகைக்கு முன்னால் இருக்கும் நாத தேவாலயத்தை மட்டும் பார்த்தோம், 14ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம், கண்டியில் மிஞ்சி நிற்பதில் பழையது. கூட்டமெல்லாம் மாளிகைக்குப் போகிறது, இங்கே ஒரு பூனையும் நாங்களும்தான். பக்கத்து மகுல் மடுவத்தில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி இராச்சியத்தை வெள்ளைக்காரன் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் நடந்தது, அதில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தார்.

இரவு அக்குறணை. நண்பனின் உம்மா செய்த வட்டிலப்பத்தைப் பற்றி எழுதாவிட்டால் அவன் என்னை விடமாட்டான், எழுத வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய், மேலே கஜு. கரண்டி வைத்தால் சின்னச் சின்ன ஓட்டைகளில் இருந்து பாணி கசிந்தது. "கருப்பட்டி நல்லதா இல்லாட்டி ஒண்ணும் செய்ய ஏலாது மகள்" என்றார் உம்மா. முந்தி கித்துள் மரம் ஏறுகிறவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாராம், இப்போது சீனி கலந்த கருப்பட்டிதான் கடை முழுக்க என்று கவலைப்பட்டார்.

மறுநாள் ஏ9இல் வடக்கே. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மாசி மகத்துக்கு ஐந்து தேரும் ஊருக்குள் வரும் கதையை மாத்தளைக்காரியிடம் மறுபடி கேட்டோம். அவள் ஒவ்வொரு முறையும் கண் கலங்கித்தான் சொல்வாள். அலுவிகாரை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தை முதன்முதலாக எழுத்தில் பதித்த இடம். பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, இடுக்கெல்லாம் குகைக் கோயில். அங்கே ஓலையில் எழுதிக் காட்டினார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஒன்றுமே தெரியாது, கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுப்பாக நிற்கும். தாளிப்பனை ஓலை அது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பனையோலை என்று கேள்விப்பட்டவர்களுக்கு அகலம் ஆச்சரியமாக இருக்கும்.

இன்னும் இருபது கிலோமீட்டர் போனால் நாலந்தா. பெருந்தெருவில் இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, நீர்த்தேக்கக் கரையில் தனியாக ஒரு சின்னக் கல் கோயில், கெடிகே என்பார்கள். 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்று மதிப்பிடுகிறார்கள். மாமல்லபுரத்தைப் படத்திலாவது பார்த்தவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள், பல்லவர் பாணி, லாட வடிவக் கூடுகள், குள்ளப் பூதங்கள். கட்டட முறை சைவக் கோயிலுடையது, வழிபாடு பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது இது தண்ணீருக்குள் போக வேண்டியது. கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டில் கொண்டுவந்து அதே மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், 1980களில். தீவின் நடு இதுதான் என்று சொல்வார்கள்.

எனக்கு அங்கே வேறொரு ஞாபகம். இராமேஸ்வரம் பக்கத்தில் இருந்து வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கிய நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை தாண்டி, இந்தப் பக்கமாகத்தான் மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை அதே பாதையை நினைத்து நம் மக்கள் நடந்தார்களே, நானும் கடைசி இரண்டு நாள் போயிருந்தேன், ஆனால் அப்போது இந்தக் கோயில் பக்கத்தில் இருப்பது தெரியாது. என் பாட்டனின் பாட்டன் இந்தக் கல்லைப் பார்த்திருப்பாரா? ஒரு கல்தூணில் சாய்ந்து அரை மணி நேரமாவது உட்கார்ந்திருப்பாரா? நாங்கள் ஐந்து பேரும் மர நிழலில் உட்கார்ந்து மிச்சமிருந்த அம்மாவின் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டோம். முந்தின நாள் ரொட்டி, அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

பகல் சாப்பாடு மாத்தளைக்காரி வீட்டில். அவள் அம்மா வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி படர விட்டிருக்கிறார், அந்த மிளகை அன்றைக்கே இடித்துப் போட்ட நாட்டுக்கோழிக் கறி, ஈரப்பலாக்காய்ப் பால்கறி, இடியாப்பம், சொதி. ஐந்து பேருக்கும் ஒவ்வொரு மிளகுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பொட்டலம் இருந்ததால் வீடு வரும் வரை வேன் முழுக்க மிளகு வாசம்.

இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா தூங்காமல் இருந்தார். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், லங்காதிலகப் பாறைப் படத்தில் நிறுத்திவிட்டார்.

"இது நம்ம எழுத்தா?"

"ஆமாப்பா. 1344இல வெட்டினது."

"என்ன எழுதியிருக்கு?"

"விகாரைக்குக் காணி எழுதிக் குடுத்தது."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உறுதிய கல்லுலயே வெட்டிக் குடுத்திருக்காங்க" என்றார்.